நீலம் வெளுத்தால் போதுமா? செம்பு படிந்த ஒரு ரைஃபிள் குழல் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கலிஃபோர்னியாவின் வடக்கே மெண்டோசினோ கவுண்டியில் 2021 கோடையில் நடந்தது இது. அங்கே ஒரு சிறிய சுடுதளத்தில் வார இறுதிகளில் நான் உதவிக்கு நிற்பேன். துப்பாக்கியின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர், ஆட்டுப் பண்ணை வைத்திருந்து இப்போது ஓய்வில் இருப்பவர். இங்கே அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். கூட வந்தவர் அவருடைய மருமகன்.

துப்பாக்கி, 1970-களில் அவர் புதிதாக வாங்கிய, .30-06 அளவுத் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். போல்ட் என்பது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் தாழ். வால்நட் மரக் கட்டை, மெலிந்த வேட்டைக் குழல். வருஷத்துக்கு ஒரு மான், கிடைத்தால் இரண்டு மூன்று காட்டுப் பன்றி, அதற்கு முன்னால் குறி சரிபார்க்க ஒரு பெட்டித் தோட்டா. இவ்வளவுதான் அதன் உழைப்பு. எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் தோட்டாவைத் தொட்டிருக்காது என்பது அவர் கணக்கு. துப்புரவும் ஒழுங்காகத்தான் செய்து வந்திருக்கிறார். ஒவ்வொரு வேட்டைக் காலமும் முடிந்ததும் அழுக்கைக் கரைக்கும் சாதாரண சால்வென்ட் திரவம் ஊற்றி, வெண்கலப் பிரஷ்ஷால் பத்து இழுப்பு இழுத்து, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை துடைத்து, எண்ணெய் பூசி வைப்பார். குண்டிலிருந்து உரசிக் குழலில் படியும் செம்புக்கென்று தனியாக எதையும் அவர் பயன்படுத்தியதே இல்லை. தேவையும் வந்ததில்லை, ஏனென்றால் 2019 வரை அந்தத் துப்பாக்கி 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் மூன்று குண்டையும் போட்டுக்கொண்டிருந்தது.

2019-ல் ஒன்று மாறியது. கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்ற சட்டம் 2013-ல் நிறைவேறி, படிப்படியாக அமலாகி, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. இதற்குப் பின்னால் இருப்பது கலிஃபோர்னியா காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1987-ல் உலகத்திலேயே 27 பறவைகள்தான் மிஞ்சியிருந்தன, அவை அனைத்தும் கூண்டில். மறுபடி காட்டில் விட்ட பறவைகளில் பல, வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடல்களில் சிதறிக் கிடந்த ஈயத் துகள்களைத் தின்று செத்தன. காண்டோர் வாழும் பகுதிகளில் 2008-லேயே தடை வந்துவிட்டது. மெண்டோசினோ அதில் சேராததால் பெரியவருக்கு அது 2019-ல்தான் எட்டியது. அவர் அதை எதிர்த்து முணுமுணுத்தவர் இல்லை. முழுச் செம்புக் குண்டு போட்ட தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டார்.

சட்டம் வேட்டைக்குத்தான், இலக்கில் சுட்டுப் பழகுவதற்கு இல்லை. அதனால் அலமாரியில் மிச்சமிருந்த பழைய ஈயக் குண்டுத் தோட்டாக்களைப் பழகவும், புதிய செம்பை வேட்டைக்கும் வைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே குழலில் மாறி மாறிப் போயின.

பிரச்சினை எப்படி வெளியே வந்தது

2019-ல் செம்புத் தோட்டாவில் ஏழெட்டு சுட்டுப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லையாம். 2020-ல் குண்டுகள் கொஞ்சம் சிதறின, வயசாகிறது, கை நடுங்குகிறது என்று விட்டுவிட்டார். அந்த இலையுதிர் காலத்தில் எண்பது கஜத்தில் நின்ற ஒரு பன்றியைச் சுட்டார். தோள்பட்டைக்குப் பின்னால் போக வேண்டிய குண்டு வயிற்றில் பட்டது. இருட்டும்வரை ரத்தத் தடத்தைத் தேடி அலைந்து, மறுநாள் காலையில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தாழ்ந்துவிட்டது. ஒரு மிருகத்தை ராத்திரி முழுக்க வலியில் விட்டுவிட்டோமே என்பதுதான் அவரை என்னிடம் கொண்டுவந்தது, குரூப், அதாவது இலக்கில் விழும் துளைகளின் கூட்டம், சின்னதாக வேண்டும் என்ற ஆசை இல்லை. குழல் துப்புரவு என்பது ஏதோ பொழுதுபோக்குக்காரர்களின் வம்பு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என்னிடம் வருவதற்குள் அவருக்கு இரண்டு ஆலோசனைகள் கிடைத்திருந்தன. செம்புக் குண்டே சரியில்லை, வேறு ரகம் வாங்குங்கள் என்றார் ஒருவர். குழல் தேய்ந்துவிட்டது, புதுக் குழல் போட வேண்டும் என்றார் ஒரு துப்பாக்கி மெக்கானிக். இருவருமே குழலுக்குள் பார்க்கவில்லை.

சுடுதளத்தில் கண்டது

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மேசையில் மணல் மூட்டை வைத்து, 100 கஜத்தில் மூன்று மூன்றாகச் சுட வைத்தேன். ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவில் குழல் ஆறப் பத்து நிமிஷம். மெலிந்த குழல் சூடேறினாலே குறி நகரும், அதைச் செம்பின் தலையில் கட்டக்கூடாது.

செம்புத் தோட்டா: மிக விலகிய இரண்டு துளைகளுக்கு நடுவே நாலேகால் அங்குலம். பழைய ஈயத் தோட்டா: மூன்றேகால் அங்குலம். இந்த இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. செம்புக் குண்டு மட்டும்தான் கெடுதல் என்றால், நாற்பது வருஷம் இந்தக் குழலில் ஒழுங்காகப் போன ஈயக் குண்டு ஏன் சிதற வேண்டும்?

அப்புறம் இன்னொன்று. செம்புத் தோட்டா ஒன்றைச் சுட்ட பிறகு போல்ட்டைத் தூக்கக் கை கொஞ்சம் இறுக்க வேண்டியிருந்தது. அந்தத் தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் மற்றவற்றைவிடத் தட்டையாகியிருந்தது. இது அழுத்தம் கூடுவதற்கான அறிகுறி. அதோடு நான் அன்றைய சுடுதலை நிறுத்திவிட்டேன். மருமகன் இன்னும் ஒரு மூன்று சுட்டுப் பார்க்கலாமே என்றார். வேண்டாம் என்றேன். போல்ட் இறுகினால் காரணம் தெரியும்வரை அடுத்த தோட்டாவை உள்ளே விடக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

குழலைச் சந்தேகிக்கும் முன் மற்றதைப் பார்த்தோம். குறிபார்க்கும் ஸ்கோப்பின் அடித்தகட்டுத் திருகுகள் இறுக்கமாக இருந்தன. கட்டையையும் இயந்திரப் பகுதியையும் பிணைக்கும் இரண்டு திருகில் பின்னது அரைச்சுற்று தளர்ந்திருந்தது. அதை இறுக்கினோம். குழல் முனை விளிம்பில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க, காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே விளிம்பை உரசியபடி எல்லாப் பக்கமும் இழுத்தேன். பிசிறு இருந்தால் பஞ்சு நூல் மாட்டும். எங்கும் மாட்டவில்லை. அடுத்த வாரம் ஈயத் தோட்டாவில் மட்டும் ஒரு மூன்று சுட்டோம்: மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, திருகுக்கும் கொஞ்சம் பங்கு இருந்திருக்கலாம், ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

பிறகு போல்ட்டைக் கழற்றி, முனையில் டார்ச் அடித்துப் பார்த்தால், கடைசி ஓர் அங்குலத்தில், குழலுக்குள் சுருளாக வெட்டிய புரியின் மேடுகள் மேல் ஆரஞ்சுக் கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. போர்ஸ்கோப் ஒன்றைக் கடன் வாங்கி வந்தேன். மெல்லிய தண்டின் நுனியில் கேமரா வைத்தது, சின்னத் திரையில் படம் காட்டும். இப்போதெல்லாம் நல்ல பிரஷ் செட் ஒன்றின் விலைக்கே கிடைக்கிறது.

உள்ளே பார்த்ததைத் தோட்டா அறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தொண்டையில், அதாவது தோட்டா அறை முடிந்து புரி தொடங்கும் இடத்தில், கறுப்பாக வளையம் கட்டிய கரி. அதன் கீழ் சாம்பல் நிறத்தில் முதலைத் தோல் மாதிரி நுண்ணிய வெடிப்பு. அது வெப்பத்தால் வருவது, இந்த வயசுக் குழலுக்கு இயல்பான அளவுதான். அதைத் தாண்டி ஒரு சாண் தூரத்துக்குக் கறுப்பும் செம்பும் கலந்த திட்டுகள். நடுக்குழல் ஓரளவு சுத்தம். முனைப் பக்கம் கடைசி ஆறு அங்குலத்தில் மேட்டின் மேலும் பள்ளத்தின் ஓரத்திலும் தடித்த செம்புப் பட்டைகள். அந்த ஆறு அங்குலத்துக்குள்ளேயே இரண்டு அங்குல நீளத்துக்கு, எப்போதோ துருப்பிடித்த சிறு குழிகள், அவையும் செம்பால் நிரம்பியிருந்தன.

செம்பு ஏன் ஒட்டுகிறது

சாதாரண ஈயக் குண்டின் மேலுறை 95 சதம் செம்பும் 5 சதம் துத்தநாகமும் கலந்தது, சிலவற்றில் 90-க்கு 10. முழுச் செம்புக் குண்டு கிட்டத்தட்டச் சுத்தச் செம்பு. அது உரசும்போது இழுபட்டு ஒட்டும் தன்மை கூடியது. அதோடு செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 8.96 கிராம். அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகி, குழலை உரசும் பரப்பும் கூடுகிறது. இதற்காகத்தான் இப்போதைய செம்புக் குண்டுகளின் உடம்பில் வளையக் காடிகள் வெட்டுகிறார்கள். அது நன்றாகவே உதவுகிறது, ஆனால் சொரசொரப்பான பழைய குழலில் முழுதாகக் காப்பாற்றாது.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் குண்டு மேலுறை செம்பு-நிக்கல் கலவையாக இருந்த காலத்தில் குழலில் கட்டி கட்டியாக ஒட்டியது, ராணுவத்தினர் அம்மோனியாக் கரைசல் ஊற்றித்தான் கரைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வெடிமருந்தோடு வெள்ளீயம் சேர்த்துப் பார்த்து, படிவு குறைவதைக் கண்டார்கள். இன்றும் சில வெடிமருந்துகளில் வெள்ளீயமோ பிஸ்மத்தோ சேர்க்கிறார்கள்.

என்ன முடிவு, ஏன்

முதல் முடிவு: கரி முதலில், செம்பு பிறகு. ஒவ்வொரு குண்டு போகும்போதும் கொஞ்சம் செம்பு, அதன் மேல் கொஞ்சம் கரி, மறுபடி செம்பு என்று அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. மேலே வெந்து இறுகிய கரி இருந்தால் செம்பு சால்வென்ட் கீழே இறங்காது. துணி வெள்ளையாக வரும், நாம் குழல் சுத்தம் என்று நினைப்போம். பெரியவருக்கு நாற்பது வருஷமாக நடந்தது இதுதான். தவிர, போல்ட் இறுகியதற்கு முதல் சந்தேகம் தொண்டையில் இருந்த கரி வளையத்தின் மேல்தான்.

இரண்டாவது முடிவு: வேதியியலுக்கு நேரம் கொடுப்பது, தேய்ப்பதைக் குறைப்பது. மருமகன் ஒரு டப்பா அரைக்கும் பசை வாங்கி வந்திருந்தார், அரைமணியில் முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். பசை கெட்டது இல்லை, ஆனால் நம் கணக்கில்லாமல் அது குழல் எஃகையும் சேர்த்துத் தேய்க்கும். கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன்.

மூன்றாவது: கம்பி எப்போதும் தோட்டா அறைப் பக்கத்திலிருந்தே நுழையும். முனையிலிருந்து விட்டால் விளிம்பு தேயும், குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தைத் தீர்மானிப்பது அந்த விளிம்புதான். உறை பூசிய ஒற்றைக் கம்பி, போல்ட் இருந்த இடத்தில் கம்பியை நடுவில் பிடித்து நிறுத்தும் வழிகாட்டிக் குழாய், நைலான் பிரஷ். மூன்று துண்டாகத் திருகும் அலுமினியக் கம்பியைப் பெரியவர் வைத்திருந்தார், அதன் இணைப்புகள் குழலை உரசும் என்பதால் அதைத் தொடவில்லை.

முதல் நாள்: கரி

கரி சால்வென்ட்டில் நனைத்த துணியை இரண்டு முறை ஓட்டி, நைலான் பிரஷ்ஷை நனைத்துத் தொண்டைப் பக்கம் குட்டையாகப் பதினைந்து இழுப்பு. பிறகு அரைமணி ஊற விட்டுத் துடைத்தோம். தார் மாதிரி வந்தது. பெரியவர் அந்தத் துணியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், போன டிசம்பரில் இதைச் சுத்தம் செய்துதானே வைத்தேன் என்று.

நாலு சுற்றுக்குப் பிறகு கறுப்பு குறைந்தது. தொண்டை வளையம் மட்டும் அசையவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் நனைத்த துணியை வைத்து ராத்திரி முழுக்க விட்டோம், அந்த சால்வென்ட்டின் லேபிள் அதை அனுமதித்தது. காலையில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்குத்தான் பசையை எடுத்தேன். அதையும் தொண்டையைச் சுற்றி மூன்று அங்குலத்துக்குள் மட்டும், இருபது குட்டை இழுப்பு, அவ்வளவே. போர்ஸ்கோப்பில் பார்த்தபோது வளையம் போயிருந்தது. புரியின் தொடக்க ஓரங்கள் அப்படியே இருந்தன.

ஒரு கெடுதலும் நடந்தது. துப்பாக்கியைப் பிடியில் கிடையாக வைத்திருந்தோம். ராத்திரியில் சால்வென்ட் பின்னால் வழிந்து, இயந்திரப் பகுதிக்கும் மரக் கட்டைக்கும் இடையில் இறங்கி, ஒரு விரல் அகலத்துக்குப் பாலிஷ் மங்கிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது என் கவனக்குறைவு. அதற்குப் பிறகு கட்டையைக் கழற்றிவிட்டு, முனை கீழே சாய்ந்திருக்கும்படி வைத்தோம்.

இரண்டாம் நாள்: நீலம்

அம்மோனியா சேர்ந்த செம்பு சால்வென்ட். பெரியவர் வீட்டில் திறந்து பல வருஷமான பாட்டில் ஒன்று இருந்தது, மூடியைத் திறந்தால் மூக்கில் ஏற வேண்டிய நெடி ஏறவில்லை. அம்மோனியா ஆவியாகிப் போன சரக்கு அது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம். கொட்டகையின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டோம். முந்தின நாள் கரி சால்வென்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்த பிறகுதான் இதைத் தொட்டோம். ஒரு சால்வென்ட்டின் மேல் இன்னொன்றை ஊற்றுவது கூடாது. அம்மோனியாவோடு வீட்டு பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், அதனால் கொட்டகையில் இருந்த பிளீச் டப்பாவையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன்.

தோட்டாப் பெட்டிகளையும் அங்கிருந்து அகற்றினோம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை அடுக்கி வைத்தபோது பித்தளைக் கூடுகள் தாமாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் தெளிவாயிற்று. ஒரு மணி நேர வேலையில் தோட்டாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது, ஆனாலும் பழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

அம்மோனியா மட்டும் தனியாகச் செம்பைக் கரைக்காது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, அதை அம்மோனியா பிடித்துக்கொள்ளும்போதுதான் அந்த ஆழ்ந்த நீலம் பிறக்கிறது. அதனால் குழலை நிரப்பி அடைத்து வைப்பதைவிட, நனைந்த துணி ஓட்டி ஈரப்படலமாக விடுவதுதான் பலன் தரும். லேபிளில் 15 நிமிஷத்துக்கு மேல் விடாதே என்றிருந்தது, நாங்கள் பத்தோடு நிறுத்தினோம். பத்து நிமிஷம், காய்ந்த துணி இரண்டு, பார்வை, மறுபடி.

முதல் துணி கருநீலம், மை கொட்டினது போல. மூன்றாவது சுற்றில் வெளிர் நீலம். நாலாவது கிட்டத்தட்ட வெள்ளை. முடிந்தது என்றார் மருமகன். போர்ஸ்கோப்பை விட்டுப் பார்த்தால், முனைப் பக்கத்தில் செம்பு இன்னும் இருந்தது, ஆனால் அதன் மேல் மெல்லிய கறுப்பு. கீழ் அடுக்குக் கரி இப்போதுதான் வெளியே தெரிகிறது. மறுபடி கரி சால்வென்ட், ஆல்கஹால், செம்பு சால்வென்ட். துணி மறுபடி கருநீலம்! வெள்ளைத் துணியை நம்பி நிறுத்தியிருந்தால் பாதிச் செம்பு உள்ளேயே இருந்திருக்கும். இப்படி மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தோம்.

நாங்கள் ஏமாந்த இடம்

மூன்றாவது மாற்றலுக்குப் பிறகு நீலம் குறையவே இல்லை. ஒவ்வொரு துணியும் ஒரே அளவு நீலம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னும் ஓர் அடுக்கு இருக்கிறது என்று நினைத்து ஒன்றரை மணி நேரம் தொடர்ந்தோம். பிறகுதான் பெரியவர் கேட்டார், அந்தத் துணி மாட்டியிருக்கும் முனை எதால் ஆனது என்று.

பித்தளை. பித்தளையில் செம்பு இருக்கிறது. சால்வென்ட் அந்த முனையைக் கரைத்து நீலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வெண்கலப் பிரஷ்ஷும் இதையே செய்யும் என்று தெரிந்துதான் நைலான் எடுத்திருந்தேன், ஆனால் கம்பி நுனியைக் கவனிக்கவில்லை. பிளாஸ்டிக் முனையை மாட்டி ஒரு சுற்று ஓட்டினோம், துணியில் நீலத்தின் தடம் மாத்திரம். அளவு மாறாத நீலம் வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். குழலிலிருந்து வரும் செம்பு சுற்றுக்குச் சுற்று குறைந்தே ஆக வேண்டும்.

எங்கே நிறுத்தினோம்

இப்போது தொண்டை சுத்தம், நடுக்குழல் சுத்தம், முனைப் பக்கப் பட்டைகளில் பெரும்பகுதி போய்விட்டது. துருக் குழிகளுக்குள் இருந்த செம்பு மட்டும் மிச்சம். இங்கே எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. மருமகனுக்கு எஃகு பளிச்சென்று தெரிய வேண்டும், பசையை முனைவரை ஓட்டலாம் என்றார். நான் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணம். குழிக்குள் இருக்கும் செம்பு குழல் பரப்புக்குச் சமமாகக் கிடக்கிறது, குண்டை அது தொந்தரவு செய்வதாகச் சொல்ல முடியாது, அதை எடுத்தால் முதல் பத்துக் குண்டில் மறுபடி நிரம்பும். இன்னொன்று, நாங்கள் தேடுவது நன்றாகச் சுடும் துப்பாக்கியை, பளபளக்கும் குழலை அல்ல. இப்போது சுட்டுப் பார்ப்போம், சிதறினால் பசையைப் பற்றி யோசிப்போம் என்றேன். பெரியவர் என் பக்கம் நின்றார்.

கடைசியாக ஆல்கஹால் துணி, மெல்லிய எண்ணெய். தோட்டா அறையைத் தனியாக உலரத் துடைத்தோம். அங்கே எண்ணெயோ சால்வென்ட்டோ தங்கினால் சுடும்போது தோட்டாவின் கூடு அறைச் சுவரைப் பற்றிக்கொள்ளாமல் போல்ட்டின் மேல் உதை கூடும்.

சுட்டுப் பார்த்தபோது

அடுத்த சனிக்கிழமை, குழலை உலரத் துடைத்துவிட்டு, செம்புத் தோட்டா மட்டும். முதல் குண்டு குறிக்கு இரண்டு அங்குலம் மேலே போனது. இரண்டாவது ஓர் அங்குலம். மருமகன் முகம் விழுந்துவிட்டது. சுத்தமான குழலில் முதல் சில குண்டுகள் இப்படித்தான் அலையும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஐந்தாவதிலிருந்து அடங்கியது. அடுத்த மூன்று: ஒன்றேமுக்கால் அங்குலம். அதற்கடுத்த மூன்று: ஒன்றரை. போல்ட் ஒருமுறைகூட இறுகவில்லை, பிரைமர்கள் எல்லாம் ஒரே மாதிரி.

அங்கேயே நிறுத்தாமல் அடுத்த இரண்டு வாரமும் எண்ணிக்கை எழுதிக்கொண்டே சுட்டோம். இருபதாவது குண்டுவரை அதே நிலை. முப்பதை நெருங்கும்போது இரண்டேகால் அங்குலமாக விரிந்தது. போர்ஸ்கோப்பில் முனைப் பக்கம் புதிய ஆரஞ்சுக் கோடுகள். இந்தக் குழலுக்கு, இந்தக் குண்டுக்கு, இருபதைத் தாண்டினால் செம்பு எடுக்க வேண்டும் என்று அதிலிருந்து வைத்துக்கொண்டோம். பக்கத்து மேசைக்காரரின் கையால் மெருகேற்றிய குழல் நூறு தாண்டியும் அசையாது. அந்த எண்ணை இந்தத் துப்பாக்கிக்குக் கடன் வாங்க முடியாது.

பழைய ஈயத் தோட்டாக்களைப் பெரியவர் மருமகனின் வேறொரு துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டார். பழகுவதும் வேட்டையாடுவதும் ஒரே குண்டில் என்று ஆன பிறகு, குறி இரண்டு இடத்தில் நிற்கும் குழப்பமும் போனது.

வேட்டைக் காலத்துக்கு முன் எண்ணெயைத் துடைத்து, ஐந்து குண்டு சுட்டு, குழலை அப்படியே வைத்துக்கொண்டார், மறுபடி துடைக்கவில்லை. அந்த அக்டோபரில் தொண்ணூறு கஜத்தில் ஒரு பன்றி. ஒரே குண்டு, நின்ற இடத்திலேயே விழுந்தது. போனில் அதைச் சொன்னபோது அவர் தூரத்தையும் குண்டு பட்ட இடத்தையும்தான் சொன்னார், எடையைச் சொல்லவே இல்லை.

மறுபடி செய்தால்

திருகை இறுக்கிய பிறகு ஈயத் தோட்டாவை மட்டும்தான் சுட்டுப் பார்த்தோம், செம்பை இல்லை. போல்ட் இறுகிய பயத்தில் எடுத்த முடிவு அது. அதனால் செம்புத் தோட்டாவின் நாலேகால் அங்குலத்தில் திருகின் பங்கு எவ்வளவு, படிவின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கரியை மட்டும் எடுத்துவிட்டு ஒருமுறை சுட்டிருந்தாலும் நிறையத் தெரிந்திருக்கும். என் சந்தேகம், அழுத்தம் கூடியதற்கு முழுக்கக் கரியும், சிதறலுக்குப் பெரும்பாலும் முனைப் பக்கச் செம்பும் காரணம் என்பது. ஆனால் அது சந்தேகம்தான்.

துப்புரவுக்கு முன்னும் பின்னும் போர்ஸ்கோப் படங்களைச் சேமித்திருக்க வேண்டும். நினைவிலிருந்து ஒப்பிட்டோம், அது போதாது. கட்டையை முதல் நிமிஷத்திலேயே கழற்றியிருக்க வேண்டும். பித்தளை முனையைக் கம்பியிலிருந்து எடுத்து எறிந்திருக்க வேண்டும். குண்டின் வேகத்தை அளக்கும் கருவி சுடுதளத்தில் இருந்தும் வைக்கத் தோன்றவில்லை. அழுத்தம் பற்றிய கேள்விக்கு அது பதில் கொடுத்திருக்கும்.

பழைய ராணுவத் தோட்டா சுடுபவர்கள் சிலர் இதைப் படிக்கலாம், அவர்களுக்காக ஒரு வரி. அந்தத் தோட்டாக்களில் பலவற்றின் பிரைமர் விடும் உப்பு துருவைக் கொண்டுவரும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். அன்றைக்கே வெந்நீர் ஊற்றி, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். செம்பு எடுப்பது வேறு வேலை, அது அடுத்த வாரம் வரை காத்திருக்கும், உப்பு காத்திருக்காது.

துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பெரியவர் இப்போது ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார். தேதி, சுட்ட எண்ணிக்கை, குரூப், கடைசியாகச் செம்பு எடுத்த நாள். போன முறை பார்த்தபோது கடைசி வரியில் பதினேழு என்று இருந்தது, பக்கத்தில் பென்சிலால் ஒன்றரை.